எண்ணெய் ஒழுகும் இடம் எது?

பழைய மோட்டார் வண்டி நிற்கும் வீட்டு வாசலில் கரிய வட்டம் ஒன்று காணப்படுவது வழக்கம். காலையில் வண்டியை வெளியே எடுத்ததும் அது கண்ணில் படும். நாளடைவில் கோலமிடும் இடத்தையும் ஆக்கிரமித்துக்கொள்ளும். இந்த எண்ணெய்க் கறையைப் பற்றி நம்மவரிடையே இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும், வாரம் ஒரு முறை எண்ணெய் ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்பார் ஒரு சாரார். "எஞ்சினைக் கீழே இறக்கிப் பிரித்தாலன்றி இது தீராது" என்பார் மற்றொரு சாரார். முன்னவர் வழியில் எஞ்சின் கெடுகிறது. பின்னவர் வழியில் கைப்பணம் கரைகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே, எண்ணெய் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்துகொள்வதே அவ்வழி. துளி விழும் இடம் வேறு. கசிவு பிறக்கும் இடம் வேறு. இந்த வேற்றுமையை அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, நோய் இன்னதென்று தெரியாமல் கொடுக்கும் மருந்தைப் போன்றது. சென்ற குளிர்காலத்தில் எங்கள் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் ஓர் அம்பாசிடர் வண்டியின் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் இது நன்கு விளங்கும். பழைய வண்டியைப் போற்றி வைத்திருக்கும் நம் சங்க அன்பர்கள் சிலருக்கேனும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

வண்டியும் அதன் வம்சமும்

ஹௌராவிலிருந்து வர்த்தமான் செல்லும் மெயின் லைனில், உத்தர்பாராவுக்கு அடுத்தாற்போல் "ஹிந்த் மோட்டார்" என்று ஒரு நிலையம் இருக்கிறது. ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் பெயரையே தாங்கி நிற்கும் நிலையம் அது. 1942-ஆம் ஆண்டில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, 1948-இல் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவுக்கு இடம் பெயர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மாதிரியாகக் கொண்டு, 1950-களின் பிற்பகுதியில் அங்கே பிறந்ததுதான் அம்பாசிடர். மந்திரிகள் முதல் வாடகை வண்டிக்காரர் வரை பாரத நாடெங்கும் ஏறிய அந்த வண்டியின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. எனினும் பேணுவாரிடத்தில் அது இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்த வண்டி 1970-களின் தொடக்கத்தில் வாங்கப்பெற்ற மார்க்-2 அம்பாசிடர். அதன் பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தாருடைய "பி" வரிசையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்கள், 73.025 மில்லிமீட்டர் துளை, 88.9 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம்; மொத்தக் கொள்ளளவு 1,489 கன சென்டிமீட்டர். 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஆங்கிலேயப் பந்தய விளையாட்டு வண்டியில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். எளிய அமைப்பும் நெடிய ஆயுளும் அதன் சிறப்புகள். ஆங்காங்கே சற்று எண்ணெய் கசிய விடுவது அதன் பிறவிக் குணம்.

வண்டிக்கு உரியவர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்; தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய துணைவியாருக்கு இரண்டு முழங்கால்களிலும் கடுமையான வலி. இக்காலத்துத் தாழ்ந்த வண்டிகளில் குனிந்து ஏறவும், ஏறிய பின் எழுந்து இறங்கவும் அந்த அம்மையாரால் இயலாது. அம்பாசிடரின் உயர்ந்த ஆசனமும் அகன்ற கதவும் அவருக்கு வாய்த்த பெரும் வசதி. மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ சங்கத்து விழாவுக்கோ அவர் போய் வருவதெல்லாம் அந்த வண்டியில்தான்.

அத்தகைய வண்டி திடீரென்று எண்ணெயை வாரி இறைக்கத் தொடங்கிற்று. பழுதுபார்க்க வந்த ஒருவர் இரண்டு நிமிடம் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தார். கிளச் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டுவதைக் கண்டார். "பின் சீல் போய்விட்டது. எஞ்சினை இறக்க வேண்டும், இறக்கினால் கிராங்க், பேரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அவர் சொன்ன தொகை பெரியவரின் மூன்று மாத ஓய்வூதியத்தை விழுங்கக்கூடியது. செய்தி பரவியதும், பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவர் வாசலில் வந்து நின்று வண்டிக்கு விலை பேசலானார்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, நீங்கள் லோகோ ஷெட்டிலேயே இருப்பவர். இந்தத் தீர்ப்புச் சரிதானா என்று ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள். வண்டி போய்விட்டால் உங்கள் மாமியை வெளியே அழைத்துப் போக எனக்கு வேறு வழியில்லை" என்றார்.

"ஐயா, நான் பேனா பிடிக்கிறவன், ஸ்பேனர் பிடிக்கிறவன் அல்லன். ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் சாட்சி விசாரித்தார்களா என்று கேட்கத் தெரியும்" என்று சொல்லி, எங்கள் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளி மிஸ்திரி ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கைவேலை முழுவதும் அவருடையது. குறிப்பெழுதுவது என் பங்கு.

எண்ணெய் செல்லும் பாதை

கசிவைத் தேடுவோர் முதலில் எஞ்சினுக்குள் எண்ணெய் செல்லும் பாதையை அறிதல் வேண்டும். எஞ்சினின் அடித்தொட்டியாகிய சம்ப்பில் தேங்கும் எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, வடிகட்டியின் வழியே செலுத்தி, கிராங்க் ஷாப்ட்டின் பேரிங்குகளுக்கு ஊட்டுகிறது. அங்கிருந்து ஒரு பகுதி மேலே ஏறி, எஞ்சினின் உச்சியிலுள்ள ராக்கர்களை நனைத்து, மீண்டும் பக்கவாட்டு அறைகளின் வழியாக வழிந்து சம்ப்பை அடைகிறது. இந்தச் சுற்றுப்பாதையில் இரண்டு உலோகப் பாகங்கள் சந்திக்கும் இடந்தோறும், தக்கையாலோ காகிதத்தாலோ ரப்பராலோ ஆன பேக்கிங் ஒன்று காவல் நிற்கிறது. காவல் தளர்ந்தால் எண்ணெய் வெளியேறும்.

"பி" வரிசை எஞ்சினில் சந்தேகத்துக்குரிய இடங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திச் சொல்கிறேன். உச்சியில் இருப்பது ராக்கர் கவர். அதன் கீழ் தக்கைப் பேக்கிங். அதற்குக் கீழே, புகைபோக்கிக் குழாய் பொருந்தியிருக்கும் பக்கத்தில், தகட்டாலான பக்க மூடிகள் இரண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றுக்கும் தக்கைப் பேக்கிங்தான். எதிர்ப்பக்கத்தில் எண்ணெய் வடிகட்டியின் ரப்பர் வளையமும், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் இணைப்பும் உள்ளன. முன்புறம் விசிறிக்குப் பின்னால் டைமிங் கவரும் அதன் சீலும். அடியில் சம்ப்பின் பேக்கிங்கும் வடிகால் போல்ட்டின் வாஷரும். கடைசியாக, எஞ்சினின் பின்கோடியில் கிராங்க் ஷாப்ட் கிளச்சை நோக்கி வெளிவரும் இடம்.

இவற்றுள் எந்த இடத்தில் கசிந்தாலும் எண்ணெய் அந்த இடத்திலேயே நிற்பதில்லை. அது கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்றும் வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே எங்கே பிறந்த கசிவாயினும் முடிவில் வந்து சேரும் இடம் எஞ்சினின் பின்பக்கத்துக் கீழ்மூலை, அதாவது கிளச் கூடு. கடைமடையில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டு, கடைமடையில்தான் ஊற்று இருக்கிறதென்று ஒருவன் சொன்னால் தஞ்சைக் குடியானவர் நகைப்பார் அன்றோ? கிளச் கூட்டில் சொட்டுவதைக் கண்ட மாத்திரத்தில் பின் சீலைக் குற்றம் சாட்டுவதும் அத்தகையதே.

பதிவேடு சொன்ன சாட்சி

நாங்கள் முதலில் எதையும் கழற்றவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் கிழித்தோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், டிப்ஸ்டிக் காட்டிய அளவு, ஊற்றிய எண்ணெய், தரையில் விரித்த காகிதத்தில் கண்ட கறை என்று ஐந்து தலைப்புகள். டிப்ஸ்டிக் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழிய வேண்டும். கோலை ஒரு முறை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிடில் அளவு பொய் சொல்லும்.

இரண்டு வாரத்தில் வண்டி ஓடியது 180 கிலோமீட்டர். ஊற்றிய எண்ணெய் முக்கால் லிட்டர். இது கவலைக்குரிய அளவுதான். ஆனால் பதிவேடு வேறு சில உண்மைகளையும் வெளிப்படுத்திற்று. இரவு முழுதும் வண்டி சும்மா நின்றபோது காகிதத்தில் விழுந்தவை ஓரிரு துளிகளே. வெளியே சென்று திரும்பிய பின் முதற் கால் மணி நேரத்தில் விழுந்தவை எண்ணிலடங்கா. சம்ப்பின் பேக்கிங்கோ வடிகால் போல்ட்டோ பழுதாயிருந்தால், நிற்கும்போதும் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது மட்டும் மிகுதியாக ஒழுகுகிறதென்றால், எண்ணெய் வீசியடிக்கப்படும் இடத்திலோ, உள்ளிருந்து ஏதோ ஓர் அழுத்தம் தள்ளும் இடத்திலோ கசிவு இருக்க வேண்டும். புகைக்குழாயில் நீலப்புகை காணப்படவில்லை. ஆகவே எண்ணெய் உள்ளே எரிந்து தீரவும் இல்லை.

பெரியவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே: "ஐயா, இது எப்போது தொடங்கிற்று?" அவர் சிறிது யோசித்து, "நாங்கள் ஊருக்குப் போய் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தோமே, அதற்குப் பிறகுதான். அதற்கு முன் இவ்வளவு இல்லை" என்றார். இந்த விடையையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

குளிப்பாட்டலும் பவுடரும்

ஷெட்டில் ஓர் எஞ்சினைப் பரிசோதனைக்கு எடுக்கும் முன் அதைக் கழுவித் துடைப்பது வழக்கம். அழுக்கின் மேல் எதுவும் தெரியாது. கரக்பூரின் செம்மண் தூசியோ எண்ணெயுடன் கலந்து தோலைப் போலத் தடித்துவிடும். ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்த நேரத்தில், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டினோம். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துச் சோப்புத் தண்ணீரால் கழுவினோம். பெட்ரோலால் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு பொறி போதும், வண்டியோடு வீடும் போய்விடும். அதை அறவே விலக்க வேண்டும்.

நன்றாக உலர்ந்த பிறகு மிஸ்திரி மாமியிடம் முகப்பவுடர் டப்பா ஒன்று கேட்டார். அம்மையார் வியப்புடன் அதைக் கொடுத்தார். மெல்லிய துணியில் பவுடரை முடிந்து, எஞ்சினின் பக்கங்களிலும் பின்புறத்திலும் சம்ப்பின் விளிம்பிலும் தட்டித் தட்டி வெண்மையாக்கினார் மிஸ்திரி. எண்ணெய் எந்த வழியாக வந்தாலும் வெள்ளையின் மேல் கருங்கோடு விழும் அல்லவா? இக்காலத்தில் எண்ணெயில் ஒருவகைச் சாயத்தைக் கலந்து, புற ஊதாக்கதிர் விளக்கின் ஒளியில் அது மின்னுவதைப் பார்க்கும் முறையும் வந்துள்ளது. தத்துவம் ஒன்றே; எங்களுக்குப் பவுடரே போதுமாயிருந்தது.

எஞ்சினை ஓட்டிப் பத்து நிமிடம் நிதானமாக ஓட விட்டோம். எங்கும் கோடில்லை. பின்பு பெரியவர் வண்டியை ஸ்டேஷன் வரை ஓட்டிச் சென்று திரும்பினார். பானெட்டைத் திறந்து, டார்ச் விளக்கும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் கொண்டு, நேரில் பார்வை எட்டாத மூலைகளையெல்லாம் ஆராய்ந்தோம்.

ராக்கர் கவரின் விளிம்பு வெள்ளையாகவே இருந்தது. முன்புறமும் அவ்வாறே. ஆனால் புகைபோக்கிக் குழாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் பின்பக்க மூடியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கருங்கோடு புறப்பட்டது. அது எஞ்சினின் பக்கத்தில் வழிந்து, சம்ப்பின் விளிம்பை அடைந்து, அவ்விளிம்பைப் பற்றிக்கொண்டே பின்னோக்கி ஓடி, கிளச் கூட்டின் வெளிப்புறமாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. கிளச் கூட்டின் அடியில் சிறிய துவாரம் ஒன்று உண்டு. அழுக்கு அடைக்காதிருப்பதற்காக அதில் ஓர் ஆணி தொங்கும். பின்கோடியில் பெருங்கசிவு இருந்தால் எண்ணெய் இந்தத் துவாரத்தின் வழியே வந்திருக்க வேண்டும். அந்த ஆணி ஏறத்தாழ உலர்ந்தே இருந்தது.

குற்றவாளி என்று குறிப்பிடப்பட்ட பின் சீல் இவ்வாறு பெரும்பாலும் விடுதலையாயிற்று.

மூச்சடைத்த எஞ்சின்

உடனே புதிய பேக்கிங் போட்டுவிடலாம் என்று பெரியவர் ஆவலுடன் சொன்னார். மிஸ்திரி தலையசைத்து மறுத்தார். "பேக்கிங் பழையதுதான். ஆனால் ஏழு மாதத்துக்கு முன்பும் அது பழையதுதானே? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு ஒழுக வேண்டும்?" என்று ஹிந்தியில் கேட்டார். கேள்வி நியாயமானது.

எஞ்சினை மறுபடி ஓட விட்டு, ராக்கர் கவரின் மேலுள்ள எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு தபால் கார்டை மெதுவாக வைத்தார். கார்டு குப்பென்று எழும்பித் தள்ளிப்போய் விழுந்தது. எஞ்சினுக்குள் காற்றழுத்தம் மிகுந்திருப்பதற்கு இதுவே அடையாளம்.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி எரியும்போது உண்டாகும் வாயுவில் சிறு பகுதி, எவ்வளவு நல்ல பிஸ்டன் வளையமாக இருந்தாலும், அதைக் கடந்து கீழே இறங்கிவிடும். அது வெளியேற வழி வேண்டும். இந்த எஞ்சினில் அதற்காக இரண்டு வழிகள் அமைத்திருக்கிறார்கள். ஒன்று, ராக்கர் கவரிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய். மற்றொன்று, முன்பக்க மூடியிலிருந்து கீழ்நோக்கித் தரைப்பக்கம் இறங்கும் இரும்புக் குழாய். இவை எஞ்சினின் இரண்டு நாசித் துவாரங்கள் எனலாம். இவை அடைபட்டால், உள்ளே சிக்கிய வாயு எங்கே பலவீனமான பேக்கிங் இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே நன்றாகத் தெரிந்த அது உள்ளே ஊறிப் பருத்து, கசடும் சேர்ந்து அடைபட்டிருந்தது. பின்பு மிஸ்திரி தரையில் படுத்து இரும்புக் குழாயின் கீழ்வாயில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். வாயில் செங்கல்லைப் போல இறுகிய களிமண் இருந்தது. அதைக் குத்தி எடுத்தபோது உள்ளே சிறு சிறு அறைகளும் உலர்ந்த பூச்சிக் கூடுகளும் தென்பட்டன. மண் குளவி அங்கே வீடு கட்டியிருந்தது!

பெரியவர் தம்பதி சொந்த ஊரில் இருந்த அந்த ஏழு மாதத்தில், அசையாமல் நின்ற வண்டியின் குழாயைக் குளவி தன் குடும்பத்துக்கு உகந்த இடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இந்தக் குழாயைப் பாராமல் எஞ்சினை இறக்கிப் பெருந்தொகை செலவிட்டிருந்தாலும், புதிய பேக்கிங்குகள் அனைத்தும் சில வாரங்களில் மறுபடி ஒழுகத் தொடங்கியிருக்கும்.

பழுது தீர்த்த விதம்

அடுத்த வாரம் நான் அலுவல் நிமித்தம் கல்கத்தா சென்றிருந்தபோது, பழைய மோட்டார் சாமான்களுக்குப் பெயர்போன மல்லிக் பஜாரில் தக்கைப் பேக்கிங் இரண்டும், போல்ட்டுக்குரிய வாஷர்களும், புகைபோக்கிக் குழாய்க்குரிய பேக்கிங்கும், எண்ணெயைத் தாங்கும் ரப்பர்க் குழாயும் வாங்கி வந்தேன். எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று.

பக்க மூடிகளை எட்டுவதற்குக் கார்புரேட்டரையும் புகைபோக்கிக் குழாய்த் தொகுதியையும் கழற்ற வேண்டும். இதற்கு அரை நாள் பிடித்தது. பின்பக்க மூடி வெளிவந்தபோது அதன் தக்கை பிஸ்கோத்தைப் போல நொறுங்கிற்று. மூடியை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் நான்கு மூலைகளும் ஒன்றாகப் படியவில்லை. எப்போதோ யாரோ ஒழுகலை நிறுத்துவதற்காக நடுப் போல்ட்டை மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்கள். மெல்லிய தகடு நடுவில் குழிந்து, விளிம்புகள் எழும்பிவிட்டன. ஒழுகும் இடத்தில் மேலும் முறுக்குவது பலர் செய்யும் காரியம். தகட்டு மூடிகளில் அதனால் தீமையே விளையும்.

மிஸ்திரி மூடியை மரக்கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தினார். எஞ்சினின் முகப்பில் ஒட்டியிருந்த பழைய தக்கையை, உள்ளே தூள் விழாதபடி துணி அடைத்துச் சுரண்டி எடுத்தார். புதிய பேக்கிங்கை மூடியின் பக்கத்தில் மட்டும் பசையிட்டு ஒட்டி உலர விட்டார்; எஞ்சினைத் தொடும் பக்கத்தில் சிறிது கிரீஸ் தடவினார். அவ்வாறு செய்தால் தக்கை நகராது. பின்னால் கழற்ற நேர்ந்தாலும் கிழியாது. போல்ட்டுக்குப் புதிய வாஷர் இட்டு, தக்கை சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினார். முன்பக்க மூடிக்கும் அவ்வாறே செய்தார். இரும்புக் குழாயைக் கம்பியாலும் மண்ணெண்ணெயாலும் முற்றும் சுத்தம் செய்து, ரப்பர்க் குழாயைப் புதிதாகப் பொருத்தினார்.

எஞ்சினை ஓட்டித் தபால் கார்டை மறுபடி வைத்துப் பார்த்தோம். கார்டு இலேசாக நடுங்கியதேயன்றி எழும்பவில்லை.

அதன் பின் ஒரு மாதம் பதிவேட்டைத் தொடர்ந்து எழுதினோம். வண்டி 410 கிலோமீட்டர் ஓடியது. டிப்ஸ்டிக்கின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் கால் பங்கே எண்ணெய் இறங்கியிருந்தது. இடையில் ஒரு துளியும் ஊற்றவில்லை. இரும்பு வியாபாரிக்குப் பெரியவர் மரியாதையாக விடை சொல்லி அனுப்பினார். மாமி அந்த மாதம் மருத்துவமனைக்கு இரு முறையும், சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஒரு முறையும் தமது வழக்கமான ஆசனத்தில் அமர்ந்தே சென்று வந்தார்.

எஞ்சிய ஒரு துளி

இவ்வளவு செய்தும் காலையில் காகிதத்தில் நாலணா அகலத்துக்கு ஒரு துளி கிடக்கத்தான் செய்கிறது. அது கிளச் கூட்டின் துவாரத்திலிருந்து வருவது. பெரியவர் இதையும் நிறுத்த முடியாதா என்று கேட்டார். மிஸ்திரி சொன்ன விடையில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது.

இந்த எஞ்சினின் பின்கோடியில், இக்கால எஞ்சின்களில் உள்ளதுபோல் ஷாப்ட்டை உராய்ந்து பிடிக்கும் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக, கிராங்க் ஷாப்ட்டின் மேலேயே திருகாணியைப் போல மரை வெட்டியிருக்கிறார்கள். ஷாப்ட் சுழலும்போது அந்த மரை, வெளியே வர முயலும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளிவிடுகிறது. சுழற்சி நின்றதும் தள்ளுவார் இல்லை; ஆகவே ஓரிரு துளி வெளிவருவது இயல்பு. உள்ளே அழுத்தம் மிகுந்தால் மரை எவ்வளவு தள்ளினாலும் தோற்றுப்போகும். சுவாசக் குழாய் அடைபட்ட வண்டியில் பின்கோடியும் ஒழுகுவதற்கு இதுவே காரணம். "இது இவளுடைய வியர்வை, நோயன்று" என்றார் மிஸ்திரி. அந்த ஒரு துளிக்காக எஞ்சினை இறக்குவது வீண்.

எனினும் எஞ்சினை இறக்கியே தீர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. வெளிப்புறம் முழுதும் உலர்ந்திருக்க, கிளச் கூட்டின் துவாரத்திலிருந்து மட்டும் எண்ணெய் தாராளமாக வந்தாலும், கிளச் வழுக்கினாலும், சுவாசக் குழாய்கள் சுத்தமாக இருந்தும் எண்ணெய் ஊற்றும் வாயில் புகை குபுகுபுவென்று எழுந்தாலும், எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் உள்பாகங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ள வேண்டும். அப்போது தயங்காமல் தக்கவரிடம் ஒப்படைக்க வேண்டும். கசிவை "பழைய வண்டிதானே" என்று விட்டுவிடுவதும் ஆபத்தே. எண்ணெய் மட்டம் இறங்கினால் பேரிங்குகள் நாசமாகும். சூடான புகைபோக்கியின் மேல் சொட்டினால் புகைந்து தீப்பற்றவும் கூடும்.

வாசகர்களுக்குச் சில யோசனைகள்

ஸ்கூட்டரோ, மோட்டார் சைக்கிளோ, அம்பாசிடரோ, எதுவாயினும் வரிசை ஒன்றே. எப்போது தொடங்கிற்று என்று முதலில் கேளுங்கள். இரண்டு வாரம் அளவெடுத்து எழுதுங்கள். கழுவித் துடையுங்கள். ஈரம் தென்படும் இடங்களுள் மிக உயர்ந்ததும் மிக முன்னால் உள்ளதும் எதுவோ அதைத் தேடுங்கள். சுவாசக் குழாயைச் சோதித்த பிறகே பேக்கிங்கை மாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பழுதை மட்டும் தீர்த்து, பலனைப் பார்த்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்த பின்பே நுழைய வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். அந்தப் புகை உயிரைக் கொல்லும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள்.

நம்மவருக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வெளியூரில் வாழும் நாம் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். புறப்படுமுன் வண்டியின் சுவாசக் குழாய் வாயிலும் புகைக்குழாய் வாயிலும் துணி சுற்றிக் கட்டிவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து வண்டியை ஓட்டும் முன் அவற்றை அவிழ்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, அதை ஸ்டீரிங் சக்கரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பெரியவர் இப்போது அவ்வாறுதான் செய்கிறார்.